அடமானம் வேண்டாம், இந்த வயதுக் கணக்கைப் பாருங்கள்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஓர் அப்பாவும் பிளஸ் டூ படிக்கும் மகளும் வந்தார்கள். மாதத் தேர்வில் கணக்கில் 68 மார்க். கோச்சிங்கில் 'ஸ்பீடு போதாது' என்றார்களாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்க வேண்டும் என்று பெங்களூரு மாமா தினமும் போன் செய்கிறார். வீட்டை அடமானம் வைத்து மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்க்கலாமா என்பது அப்பாவின் கேள்வி.

பெண்ணிடம் ஒரு கணக்கைக் கொடுத்தேன். அப்பாவின் வயது மகன் வயதைப் போல மூன்று மடங்கு. 12 வருடம் கழித்து இரண்டு மடங்கு. மகனுக்கு இப்போது என்ன வயது? கொஞ்ச நேரத்தில் 12 என்றாள். பிறகு அவளாகவே வரைபடம் போட்டாள். கிடைக்கோட்டில் மகன் வயது, செங்கோட்டில் அப்பா வயது. நிபந்தனைக்கு ஒன்றாக இரண்டு கோடுகள்; 12, 36 என்ற புள்ளியில் வெட்டின. அப்புறம் கேள்வியிலிருந்த '12 வருடம்' என்பதை அடித்துவிட்டு 10 போட்டாள். இரண்டாவது கோடு சாய்வு மாறாமல் கீழே இறங்கியது. இப்போது 10, 30-இல் வெட்டியது. "எத்தனை வருஷம் கழிச்சுன்னு சொல்றீங்களோ, அதுதான் சார் மகனோட வயசு. எப்பவுமே." நான் அதைக் கேட்கவேயில்லை.

ஐயா, இந்தப் பெண்ணை 'ஸ்பீடு போதாது' என்று சொன்னவர்கள் அளந்தது வேறு எதையோ. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். மாமா வட்டி கட்டப் போவதில்லை.

இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1931-இல் மகாலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கியது. அங்கே பி.ஸ்டாட் என்ற புள்ளியியல் பட்டப்படிப்பு, பெங்களூரு மையத்தில் பி.மேத் என்ற கணிதப் பட்டப்படிப்பு. இந்த இரண்டு படிப்புக்கும் இதுவரை கல்விக் கட்டணம் வாங்கியதில்லை. ஒழுங்காகப் படிக்கும் மாணவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. சென்னையில் பிறந்து, 2007-இல் கணிதத்தின் உயரிய விருதான ஏபெல் பரிசு வாங்கிய எஸ்.ஆர்.எஸ். வரதன் முனைவர் பட்டம் பெற்றது இங்கேதான்.

நுழைவுத் தேர்வு பிளஸ் டூ கணக்கிலிருந்துதான். காலையில் கொள்குறி வினாக்கள். மதியத் தாளில் கேள்விகள் குறைவு, ஒவ்வொன்றையும் படிப்படியாக நிறுவி எழுத வேண்டும். ஷார்ட்கட் அங்கே செல்லாது. 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே உட்காரும் பிள்ளைக்கென்றே செய்த தாள் அது. கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், இப்போதே பழக்க வேண்டும். இடங்களும் குறைவு, அதனால் சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்துக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதமோ புள்ளியியலோ படிக்கட்டும். அதற்கு ஆகும் செலவுக்கு யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

"கணக்குப் படிச்சா டீச்சர் வேலைதானே?" என்றீர்கள். டீச்சர் வேலைக்கு என்ன குறைச்சல் என்பது இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் இந்தப் படிப்பைத் தேடுகின்றன. புள்ளியியல் படித்தால் யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் எழுதலாம். மாமாவின் கம்பெனியிலும் வேலை கிடைக்கும், அவளுக்கு அது பிடித்தால்.

பழைய வினாத்தாள்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியத் தாள் ஒன்றை அவளிடம் கொடுங்கள். இரண்டு மணி நேரம் பக்கத்தில் போகாதீர்கள். விடை சரியா என்று இப்போது பார்க்க வேண்டாம். முதல் கணக்கு வராமல் போனதும் எழுந்து போகிறாளா, பேப்பரும் பென்சிலுமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.