பூனையைக் கொண்டுபோய் விட வேண்டாம், அம்மா

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மருமகளுக்கு இது நாலாவது மாசம். போன வருஷம் ஒருமுறை ரெண்டாம் மாசத்திலேயே கலைந்துவிட்டது. இந்தத் தடவை டார்ச் டெஸ்ட் (கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) எடுத்ததில் டாக்ஸோபிளாஸ்மா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. அது பூனையால் வருகிற கிருமி, போன கருவும் அதனால்தான் போயிருக்கும் என்று சொந்தத்தில் ஒருத்தர் சொல்கிறார். எங்கள் சாளையில் ஒரு பூனையும் மூன்று குட்டிகளும் இருக்கின்றன. சாக்கில் கட்டித் தாராபுரம் ரோட்டில் விட்டுவிடலாமா? மருமகள் சோறு இறங்காமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

பதில்: அம்மா, மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அவள் கையில் இருப்பது நல்ல ரிப்போர்ட்.

ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். இரண்டும் கிருமியை எதிர்க்க நம் ரத்தத்தில் உண்டாகும் புரதங்கள். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால், இந்தக் கிருமி எப்போதோ அவள் உடம்புக்குள் வந்திருக்கிறது, உடம்பும் அதை அடக்கிவைத்துவிட்டது என்று பொருள். சமீபத்தில் வரவில்லை என்பதை ஐ.ஜி.எம். நெகட்டிவ் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கரு உண்டாவதற்கு முன்பே வந்துபோன பழைய தொற்று. இதனால் குழந்தைக்கு ஆபத்து வருவது மிக மிக அரிது. எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயம் மட்டும் வேறு. உங்கள் மருமகளுக்கு இதற்கென்று மருந்து எதுவும் வேண்டியதில்லை. 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாளை மடித்து மடித்துக் கசக்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்காரும் பெண்களைப் பார்க்கையில் மனசு பொறுப்பதில்லை.

போன கருவைப் பற்றி: ஆரம்ப மாசங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் சரியாக அமையாததால் கலைபவை. பழைய டாக்ஸோபிளாஸ்மா தொற்று கருவைத் திரும்பத் திரும்பக் கலைக்காது. அந்தச் சொந்தக்காரரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, பூனைக்கு வருவோம். கிருமி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

டாக்ஸோபிளாஸ்மா ஒற்றைச் செல் உயிரி, மலேரியாக் கிருமிக்குத் தூரத்துப் பங்காளி. 1908இல் துனிஸ் நகரத்தில் ஒரு கொறிவிலங்கின் உடம்பில் நிக்கோல், மான்சோ என்ற இருவர் இதைக் கண்டார்கள். வில்போல வளைந்திருந்ததால் கிரேக்க மொழியில் வில்லைக் குறிக்கும் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். ஆடு, மாடு, கோழி, எலி, மனிதர் என்று யார் உடம்பிலும் இது தங்கும். ஆனால் ஆண், பெண் அணுக்களாகி ஒன்றுசேர்வது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான். ஏன் பூனை என்பதற்கு 2019இல்தான் ஒரு விடை கிடைத்தது. லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் (நம் நல்லெண்ணெயில் நிறைய இருப்பது) அந்தக் கூடலுக்குத் தேவை. மற்ற பாலூட்டிகளின் குடலில் அதை மாற்றிவிடும் நொதி ஒன்று உண்டு. பூனைக் குடலில் அந்த நொதி வேலை செய்வதில்லை. அதனால் அங்கே அது தேங்கி நிற்கிறது. இத்தனை சின்ன உயிர் இவ்வளவு பார்த்து இடம் பிடிக்கிறதே என்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

உங்கள் சாளையிலேயே இதைப் பார்க்கலாம். தட்டுப்போருக்கு அடியில் எலி. அதன் சதையில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும். குட்டி முதல்முதலாக வேட்டையாடி அந்த எலியைத் தின்கிறது. சில நாளில் அதன் மலத்தில் லட்சக்கணக்கில் முட்டைபோன்ற உறைகள் வெளியேறும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு இப்படிப் போகும், அப்புறம் நின்றுவிடும். பெரும்பாலான பூனைகளுக்கு இது வாழ்நாளில் ஒருமுறை நடப்பதுதான். உங்கள் தாய்ப்பூனை அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. புது மலத்தில் இருக்கும் உறை தொற்றாது. காற்றுப்பட்டு ஒன்றிலிருந்து ஐந்து நாள் கிடந்த பிறகே, உறைக்குள் எட்டுக் கிருமிகள் விளைந்து தொற்றும் தன்மை வரும். அதற்குள் பூனை தன் மேலெல்லாம் நக்கிச் சுத்தம் செய்துவிடும். அதனால் பூனையைத் தடவுவதாலோ மடியில் வைத்துக்கொள்வதாலோ இது வருவது அரிது. ஆனால் மண்ணுக்குள் போன உறை ஈரம் இருந்தால் ஒரு வருஷத்துக்கு மேலும் கிடக்கும். பிளீச்சிங் பவுடரால் சாகாது, கொதிநீரில் சாகும். இப்போது நீங்கள் பூனையைக் கொண்டுபோய் விட்டாலும் மண்ணில் இருப்பது இருக்கத்தான் செய்யும். எலி இருக்கிற சாளைக்கு வேறொரு பூனையும் வந்துசேரும்.

அந்த மண்ணைக் கிளறுகிற கோழிக்கும் கொறங்காட்டில் மேய்கிற செம்மறிக்கும் கிருமி போகிறது. போனதும் வேகமாகப் பெருகும். ஒரு செல்லுக்குள்ளேயே இரண்டு குட்டிச் செல்கள் உருவாகித் தாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதும் தசையிலும் மூளையிலும் உறை கட்டிக்கொண்டு ஆயுளுக்கும் உறங்கிவிடும். கறி அரைவேக்காடாக இருந்தால் அந்த உறை நம் வயிற்றில் விழித்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. சிலருக்கு லேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டும், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற மற்ற பெண்களில் ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் உள்ள கர்ப்பிணிகள்தான் கவனமாக இருக்க வேண்டும். முதல் தொற்று கர்ப்ப காலத்தில் வந்தால்தான் குழந்தையின் கண்ணுக்கும் மூளைக்கும் கெடுதல் நேரலாம். நம் பக்கம் ரத்தம் ஊற வேண்டும் என்று ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரலை) தணலில் வாட்டிக் கொடுப்பார்கள். மேலே கருகியிருக்கும், நடுவில் கத்தி வைத்தால் சிவப்பாகக் கசியும். அப்படிக் கொடுக்காதீர்கள். உள்வரைக்கும் நிறம் மாற வேக வேண்டும். பச்சை ஆட்டுப்பாலும் வேண்டாம், காய்ச்சிக் குடிக்கட்டும். பச்சைக்கறி அரிந்த அரிவாள்மனையிலேயே வெங்காயம் அரிய வேண்டாம். களை எடுத்தாலும் கொத்துமல்லி பறித்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று வந்தவர்களும் உடனே கலங்க வேண்டாம். அது ஒரு வருஷத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கிவிடுவது உண்டு. அவிடிட்டி என்ற பரிசோதனை, தொற்று புதிதா பழையதா என்று பிரித்துக் காட்ட உதவும். புதிது என்றால் ஸ்பைராமைசின் போன்ற மருந்து இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் தாமதிக்காமல் போங்கள். கருவைக் கலைக்கச் சொல்லி வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அம்மா, உங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். ஐந்தாம் மாசம் எடுக்கிற ஸ்கேனை எல்லோரையும்போல இவளுக்கும் எடுங்கள். குட்டிகள் தாயோடு இருக்கட்டும். சாளைப் பக்கம் மணல் கொட்டிவைத்திருந்தால் ஒரு தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள், பூனைக்கு அதுதான் கக்கூஸ். இன்றைக்கு ராத்திரி மருமகளுக்கு அரிசி பருப்பு சாதம் செய்து, நெய் விட்டு, பக்கத்தில் இருந்து சாப்பிட வையுங்கள்.