பனி ரோட்டுக்கு என்ன டயர்? திருகோணமலையில் கேட்டவர்களுக்குப் பதில்

மொன்றியலில் ஒரு டயர் கடையில் பதினொரு விண்டர் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தவன் நான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உவர்மலை அக்கா: மகன் இந்த வருசம்தான் மொன்றியல் போனவன். காரில் நாலும் புது டயர், 'ஆல் சீசன்' என்று எழுதியிருக்காம். பிறகேன் விண்டர் டயர்?

அக்கா, அந்தப் பெயரை நம்பவேண்டாம். தொதல் துண்டு ஒன்றைப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்து அமத்திப் பாருங்கள். கையில் குழைந்தது கல்லாயிருக்கும். 7 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆல் சீசன் ரப்பரும் அப்படித்தான் இறுகத் தொடங்கும். இறுகின ரப்பர் ரோட்டைப் பிடிக்காது, புதுசென்றாலும் வழுக்கும். விண்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மெதுவாகவே இருக்கும். அதன் மேல் மயிரிழைபோல நூற்றுக்கணக்கான வெட்டுகள் இருக்கும். ஐஸைக் கவ்விப்பிடிப்பது அந்த வெட்டுகளின் விளிம்புதான்.

டயரின் பக்கவாட்டில், பனிக்கு ஏற்ற டயர் என்ற அடையாளமாக, மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஆனால் நவம்பரிலேயே குளிர் வந்துவிடும், அதற்கு முதலே மாற்றட்டும்.

அதே அக்கா: முன் சில்லு இழுக்கிற கார்தானே, காசு மிச்சம் பிடிக்க இரண்டு மட்டும் போட்டால்?

தயவுசெய்து வேண்டாம். எங்களிடம் வந்த ஒரு பிள்ளை, சொல்லச்சொல்லக் கேளாமல் முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டுக்கொண்டு போனார். முதல் ஸ்னோவிலேயே வளைவில் பிரேக் பிடிக்க, முன்பக்கம் நின்றது, பின்பக்கம் சுழன்று மதிலில் அடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகாதது கடவுள் புண்ணியம். போட்டால் நாலும் போடவேண்டும்.

நிலாவெளித் தம்பி: அண்ணன், ஃபோர் வீல் வாகனத்துக்கும் தேவையா?

தேவை. நாலு சில்லும் இழுத்தால் புறப்படுவது லேசு, அவ்வளவுதான். நிற்பாட்டுவது டயர்.

உப்புவெளி ஐயா: ஒஸ்லோவில் மருமகன் ஆணி டயர் (ரப்பரில் சின்ன உலோக ஆணி பதித்தது) போடுவதா என்று யோசிக்கிறார்.

கண்ணாடிபோல் உறைந்த ஐஸில் ஆணியைப் போல வேறொன்றும் பிடிக்காது. ஆனால் நகர ரோட்டை அடிக்கடி துப்புரவாக்குவார்கள். வெறும் தாரில் அது இரைச்சலும் தூசும்தான், ஒஸ்லோவில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. நோர்வேயின் தென்பகுதியில் நவம்பர் 1 முதல் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரைதான் அனுமதி. மலைப்பக்கம் வேலைக்குப் போகிறவர் என்றால் ஆணி. நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவர் என்றால் ஆணியில்லாத நல்ல விண்டர் டயர் போதும்.

தங்கச்சி ஒருவர்: தம்பி கனடாவில் பழைய விண்டர் டயர் வாங்கப் பார்க்கிறான். எதைப் பார்க்கவேணும்?

பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில், டயர் செய்த காலத்தைச் சொல்லும் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பிறகு பள்ளத்தின் ஆழம். கனடாவின் 25 சதக் காசில் கரிபூ மான் தலை இருக்கிறதே, அதைத் தலைகீழாகப் பள்ளத்துக்குள் விடட்டும். மானின் மூக்கு நுனி வெளியே தெரிந்தால் ஆழம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர்தான். 4க்குக் கிட்ட வந்தால் ஸ்னோவில் ஓடக்கூடாது. வெப்பநிலை 6 பாகை இறங்க டயரில் காத்தழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) குறையும், அதனால் மாதம் ஒருதரமாவது, கார் ஓடமுதல், காத்துப் பார்க்கவேண்டும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வேன் சாரதி: ஜப்பானிலிருந்து வந்த என் வேனில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதின டயர். டயரின் பூ இன்னும் தேயாமல் நிறைய இருக்கு. ஓடலாமா?

காக்கா, அது ஜப்பானின் பனி ரோட்டுக்குச் செய்த, ஆணியில்லாத விண்டர் டயர். நகத்தால் அமத்திப் பாருங்கள், சதைபோல் அமுங்கும். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில், 35 பாகை வெயிலில், அந்த மெதுவான ரப்பர் அழிறப்பர் மாதிரித் தேயும். நவம்பர் மழையிலோ அதைவிட மோசம்: வெட்டுகள் நெளிந்து, ஈரத் தாரில் பிரேக் தூரம் கூடும். ஹபரணை ரோட்டில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வேனுக்கு அது சரிவராது. பூ இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிராமல் நாலையும் கழற்றுங்கள். ஸ்பெயார் சில்லையும் இறக்கிப் பாருங்கள், அதுவும் அதே டயராக இருக்கலாம்.