கோபா குழுவுக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது?

கோபா என்பது இலங்கை நாடாளுமன்றத்தில் அரச கணக்குகளை விசாரிக்கும் குழு. நான் ஓய்வுபெற்ற அரச கணக்காளர், மட்டக்களப்பில் இருக்கிறேன். நாடாளுமன்றக் குழு முன்னால் இரண்டு தடவை உட்கார்ந்தவன். கேளுங்கள், கேட்பவரின் ஊரை மட்டும் போடுகிறேன்.

களுவாஞ்சிக்குடி: ஐயா, கோப் குழுவும் கோபா குழுவும் ஒன்றா?

இல்லை மகள். அமைச்சு, திணைக்களம், உள்ளூராட்சி மன்றம் என்றால் கோபா. அரச கூட்டுத்தாபனம், சபை என்றால் கோப். இரண்டும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கும்.

ஏறாவூர்: அமைச்சின் செயலாளரோடு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாத கேள்வி வந்தால்?

"இப்போது கையில் விவரம் இல்லை, எழுத்தில் அனுப்புகிறோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி அனுப்புங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. வாங்கிய ஜெனரேட்டர் எங்கே என்று கேட்டார்கள், ஸ்டோரில் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், பார்த்தால் அது திருத்த வேலைக்குப் போய் எட்டு மாதம், கணக்காய்வுக்காரர் அதே மேசையில் அந்தப் பற்றுச்சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார்! அன்றைக்கு வேர்த்த வேர்வை. என்னுடையது வெறும் அவசரம். வேண்டுமென்றே பொய் ஆவணம் கொடுத்தால் 1953ஆம் ஆண்டின் நாடாளுமன்ற சிறப்புரிமைச் சட்டத்தில் அது குற்றம்.

மறுகா, பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள் செயலாளர், அவர்தான் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர், அதாவது அமைச்சின் கணக்குக்குப் பொறுப்பானவர். அவர் உங்கள் பக்கம் திரும்பினால் மட்டும் பேசுங்கள், தாமாக முந்த வேண்டாம்.

கல்முனை: அமைச்சர் சொல்லித்தான் செய்தோம் என்று சொல்லலாமா அண்ணன்?

எழுத்தில் இருந்தால் கோவையை (ஃபைலை) காட்டுங்கள் தம்பி. வாய்ச்சொல் என்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அதனால்தான் அப்போதே ஒரு குறிப்பு எழுதிக் கோவையில் போட வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்வோம். கொள்கை சரியா பிழையா என்ற கேள்விக்கு மட்டும் போகாதீர்கள், அது அமைச்சருடையது. பிரித்தானியாவில் இதற்கென்றே 1980இலிருந்து ஒஸ்மதர்லி விதிகள் என்று ஒன்று இருக்கிறது: அதிகாரி அமைச்சர் சார்பாகத்தான் சாட்சி சொல்கிறார். நம்மிடம் அப்படி ஒரு சின்னக் கையேடு இருந்தால் எவ்வளவு நல்லது.

அக்கரைப்பற்று: எனக்குச் சிங்களம் சரளமில்லை.

தமிழும் அரச கரும மொழிதான், தமிழில் பேசுவேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இலக்கங்களை மட்டும் சிங்களத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், இலட்சத்திலும் மில்லியனிலும்தான் அங்கே நாக்குப் புரளும்.

காத்தான்குடி: முதல் நாளே கொழும்புக்குப் போகவா?

ஓம். இரவு பஸ்ஸில் போய் அப்படியே உள்ளே போனால் தூக்கம்தான் வரும். மூலக் கோவையோடு இரண்டு போட்டோகொப்பியும் எடுத்துப் போங்கள்.