டியூக் ஆட்டம் எந்த சேனலில்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஒளிபரப்பு: கேள்வி பதில்

கேள்வி: வட கரோலினாவில் கேரியில் இருக்கிறேன். இஎஸ்பிஎன் விளையாட்டு நிறுவனத்தின் செலக்ட் ஆன்லைன் சந்தா கட்டியிருக்கிறேன். ஆப்பில் டியூக் பல்கலைக்கழக ஆட்டத்தைத் தொட்டால் கேபிள் லாகின் கேட்கிறதே, ஏன்?

பதில்: செலக்ட் என்பது பழைய இஎஸ்பிஎன் பிளஸ்தான், 2025 ஆகஸ்டில் பெயரை மாற்றினார்கள். டியூக் சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) ஏசிசி; அதன் சேனலான ஏசிசி நெட்வொர்க் அதில் கிடையாது. ஏசிசி நெட்வொர்க் எக்ஸ்ட்ராவும் கிடையாது. எக்ஸ்ட்ரா டிவியில் வராமல் இஎஸ்பிஎன் ஆப்பில் மட்டும் ஓடுவதால் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஏசிசி நெட்வொர்க் உள்ள கேபிள் பேக்கேஜ் வேண்டும், இல்லையென்றால் இஎஸ்பிஎன் அன்லிமிடெட் எடுக்க வேண்டும் (2025 ஆகஸ்டில் அறிமுகமானபோது மாதம் 29.99 டாலர், செலக்ட் அப்போது 11.99). பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் அணிகளின் ரசிகர்களுக்குக் கதை தலைகீழ். அவர்களுடைய பல ஆட்டங்கள் செலக்டில்தான் வரும், கேபிள் டிவியில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: எந்த ஆட்டம் எங்கே வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா சார்?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆட்டம் யாருடைய அரங்கில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். விற்கும் உரிமை அந்த அணியின் கான்ஃபரன்ஸுக்குத்தான். டியூக் போய் கென்டக்கியில் ஆடினால் அது கென்டக்கியின் கான்ஃபரன்ஸான எஸ்இசியின் ஒப்பந்தத்தில் வரும். கென்டக்கி டியூக்கின் ஊரான டர்ஹமுக்கு வந்தால் ஏசிசி. பொது இடத்தில் நடந்தால் போட்டியை நடத்துபவர் யாரிடம் விற்றிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1984-இல் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ தன் கையில் வைத்திருந்ததை எதிர்த்து ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தரப்பு வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் கான்ஃபரன்ஸ்கள் தாங்களே பேரம் பேசின. இன்று கூடைப்பந்தும் அதே மூட்டையில் சேர்ந்து விலைபோகிறது. ஏசிசி 2036 வரை இஎஸ்பிஎன்னிடம். பிக் டென் கான்ஃபரன்ஸ் 2023 முதல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றிடமும். அதனால் சில ஆட்டங்கள் என்பிசியின் பீகாக் ஆப்பில் மட்டுமே வரும், சந்தா இல்லாதவர் பார்க்க வழியில்லை.

கேள்வி: 9 மணி ஆட்டத்தை ரெக்கார்ட் போட்டேன். முதல் பத்து நிமிடம் முந்தைய ஆட்டம்தான் பதிவாகியிருக்கிறது. கடைசி நிமிடங்கள் காணவே காணோம்.

பதில்: ரெக்கார்டர் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்க்கும், ஸ்கோரைப் பார்க்காது. ஓர் ஆட்டத்துக்கு ஒதுக்குவது இரண்டே மணி நேரம். கடிகாரத்தில் 40 நிமிடம்தான். ஆனால் இடைவேளை 15 நிமிடம், ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடக் குறிகளைக் கடந்து ஆட்டம் நிற்கும்போதெல்லாம் விளம்பர இடைவேளை. கடைசி இரண்டு நிமிடத்தில் தோற்கிற அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்துகொண்டே இருக்கும், நடுவர்கள் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். கூடுதல் நேரம் போனால் கேட்கவே வேண்டாம்.

அப்போது உங்கள் ஆட்டத்தின் தொடக்கத்தை இஎஸ்பிஎன்யூவுக்கோ இஎஸ்பிஎன் நியூஸுக்கோ ஆப்புக்கோ தள்ளுவார்கள். எங்கே என்பது திரையின் அடியில் ஓடும் பட்டியில் வரும், அதைக் கவனியுங்கள். ரெக்கார்ட் போடும்போது முடிவு நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டுங்கள். அந்த வசதி இல்லாத பெட்டி என்றால் அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதியுங்கள்.

கேள்வி: மார்ச் மாதம் நடக்கும் என்சிஏஏ தேசியத் தொடருக்கு ஆன்டெனா மட்டும் போதுமா?

பதில்: பாதிக்கூடப் போதாது. ஆண்கள் தொடரின் 67 ஆட்டங்கள் சிபிஎஸ், டிபிஎஸ், டிஎன்டி, ட்ரூடிவி நான்கிலும் பிரிந்து வருகின்றன. ஆன்டெனாவில் சிபிஎஸ் மட்டுமே. இறுதி ஆட்டம் ஒற்றைப்படை ஆண்டில் சிபிஎஸ், இரட்டைப்படை ஆண்டில் டிபிஎஸ். ஆகவே 2026-இல் ஆன்டெனா கைகொடுக்காது. 2032 வரை ஒப்பந்தம் இதே கூட்டணியிடம்தான்.

2011-க்கு முன் நிலைமை வேறு. முதல் வார ஆட்டங்களை சிபிஎஸ் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துப் போடும். உங்கள் ஊர் நிலையத்தில் உங்கள் ஊர் அணி. வேறெங்காவது ஆட்டம் சூடுபிடித்தால் நடுவில் அங்கே தாவுவார்கள். உள்ளூர்க்காரருக்கு அது வசதி. வெளியூரில் குடியேறிய ரசிகர் பாடுதான் திண்டாட்டம்.

கேள்வி: உள்ளூர் சேனலில் முழு சீசனும் வந்த காலம் உண்டா அண்ணா?

பதில்: உண்டு. சிறந்த உதாரணம் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி. 1994 முதல் 2012 வரை அவர்களுடைய ஆட்டங்களைக் கனெக்டிகட் பொதுத் தொலைக்காட்சி காட்டியது. சந்தா வேண்டாம், மாநிலம் முழுக்கத் தெரியும். 2012-இல் உரிமை நியூயார்க்கின் எஸ்என்ஒய் விளையாட்டு சேனலுக்குப் போனது. பணம் கூடியது, ஆனால் பார்க்க கேபிள் கட்டாயமானது. பெண்கள் கூடைப்பந்துக்கு நாடு தழுவிய பார்வையாளர்கள் வருவதற்கு முன்பே அந்த அணிக்கு வீட்டுக்கு வீடு ரசிகர்கள் உருவானதில் அந்த இலவச ஒளிபரப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

கேள்வி: டிவி வர்ணனை பிடிக்கவில்லை. நம் ரேடியோ வர்ணனையோடு பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. டிவி சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஏஎம், எஃப்எம் ரேடியோ வழக்கமாகப் படத்தை முந்தும். ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் இன்னும் அதிகமாக முந்தும். சாதாரண ரேடியோவை நிறுத்திவைக்க முடியாது, அதனால் ஆடியோவைத் தாமதப்படுத்தும் கருவியோ ஆப்போ வேண்டும். ரேடியோவையே இணையத்தில் கேட்டால் பெரும்பாலும் அதுதான் பின்தங்கும். அப்போது டிவியை நிறுத்திப் பிடிக்கலாம். ஃப்ரீ த்ரோவை வைத்துச் சரிபாருங்கள்: பந்து வளையத்தைத் தொடுவது தெளிவாகத் தெரியும், வர்ணனையாளரும் அந்த நொடியே சொல்லிவிடுவார். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்குப் பிறகும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்ட்ரீம் நழுவும்.