டெபியனில் விம்முக்குப் பைத்தான்3 ஆதரவு

வணக்கம். டெபியன் 12 லினக்ஸில் விம் உரைத்தொகுப்பானை நிறுவிய பிறகும், குறிமுறைத் துணுக்குகளைச் செருகித்தரும் அல்டிஸ்னிப்ஸ் செருகுநிரல் 'பைத்தான்3 இல்லை' என்று நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். பைத்தானை மறுபடி மறுபடி நிறுவிப் பயனில்லை. அந்த ஆதரவு விம்மின் மூலநிரலை இயங்கு நிரலாக மாற்றும்போதே (கம்பைல்) சேர்ந்திருக்க வேண்டும். டெபியனின் சாதாரண விம் பொதியில் அது கிடையாது. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் உண்டு, அங்கிருந்து வருபவர்கள் குழம்புவது இதனால்தான்.

ஆப்ட் என்ற பொதி நிறுவி வழியாக, பைத்தான்3 சேர்ந்த, வரைகலை இல்லாத விம் பொதியான விம்-நாக்ஸ் போடுங்கள். சர்வருக்கு அதுவே போதும். விம்-ஜிடிகே3-யிலும் பைத்தான் உண்டு, ஆனால் வரைகலை நூலகங்களையும் சேர்த்து இழுத்துவரும். பழையதை நீக்க வேண்டாம், இரண்டும் கூடவே இருக்கலாம். விம் என்று அழைத்தால் எது ஓடும் என்பதை அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற டெபியன் கருவி முடிவுசெய்யும். தானியங்கி நிலையில் சாதாரண விம்மைவிட நாக்ஸுக்கே முன்னுரிமை. முன்பு கையால் மாற்றியிருந்தால் மட்டும் அங்கே போய் நாக்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

இதை அவசியம் கவனியுங்கள்: நாக்ஸ் சார்ந்திருக்கும் துணைப் பொதிகளான விம்-காமன், விம்-ரன்டைம் இரண்டும் நாக்ஸின் அதே பதிப்பாக இருந்தாக வேண்டும். பேக்போர்ட்ஸிலிருந்து (புதிய பதிப்புகளைத் தரும் டெபியனின் கூடுதல் களஞ்சியம்) ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் சார்புப் பிழை வரும். மூன்றையும் ஒரே களஞ்சியத்திலிருந்து ஒரே கட்டளையில் நிறுவுங்கள். பிறகு விம்மின் வெர்ஷன் பட்டியலில் (vim --version) பைத்தான்3-க்கு முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.