நீரில் முக்கும் நாற்காலி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துச் சுற்றுலாவில் லெம்ஸ்டர் என்ற சிற்றூரின் பழைய தேவாலயத்தில், சக்கரம் வைத்த நீண்ட மரச்சட்டம் ஒன்றின் முனையில் நாற்காலி பொருத்தியிருப்பதைக் கண்டோம். சூனியக்காரிகளை நீரில் முக்கிச் சோதிக்கும் கருவி அது என்றார் உடன் வந்த ஒருவர். வாயாடிப் பெண்களுக்கான தண்டனை என்று இன்னொருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது உண்மை?

க.

அன்புள்ள க.,

இரண்டாமவர் சொன்னதே சரி. சூனியச் சோதனையில் நாற்காலியே கிடையாது; கைக் கட்டைவிரலைக் கால் பெருவிரலோடு குறுக்காகப் பிணைத்து, கயிறு கட்டி நீரில் இறக்குவார்கள், மிதந்தால் குற்றவாளி. சூனியத்தைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1736-இல் நீக்கப்பட்ட பிறகும், 1751-இல் ட்ரிங் அருகே ரூத் ஆஸ்பார்ன் என்ற முதியவளை ஒரு கும்பல் அப்படி முக்கிக் கொன்றது. அதற்குத் தலைமை தாங்கிய தாமஸ் கோலி தூக்கிலிடப்பட்டான்.

‘டக்கிங் ஸ்டூல்’ என்ற இந்த நாற்காலியோ கும்பலின் வெறியாட்டம் அன்று, நீதிமன்றம் விதித்த தண்டனை. அக்கம்பக்கத்தாரோடு ஓயாமல் சண்டையிட்டு ஊரமைதியைக் கெடுப்பது அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு தனிக் குற்றம். அதைச் செய்யக்கூடியவள் பெண் மட்டுமே என்பது அச்சட்டத்தின் வரையறை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு சென்ற மிஸோன் என்ற பிரெஞ்சுப் பயணி, பன்னிரண்டு பதினைந்து அடி நீளமுள்ள இரு மரங்களின் முனையில் நாற்காலியை அச்சில் தொங்கவிட்டிருந்ததையும், ஏற்றினாலும் இறக்கினாலும் சாயாமல் ஒருத்தி வசதியாக உட்கார்ந்திருக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்ததையும் விவரிக்கிறார். ஒருத்தியை ஊர்முன் அவமானப்படுத்துவதற்கு ஒரு தச்சர் இத்தனை அக்கறையோடு வேலை செய்திருக்கிறார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

ஆனால் தண்டனையின் உயிர் நீரில் இல்லை என்றே நினைக்கிறேன். 1086-இல் இங்கிலாந்து முழுவதும் எடுக்கப்பட்ட நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டின்படி, செஸ்டர் நகரில் மோசமான பீர் காய்ச்சியவர் ‘மல நாற்காலியில்’ அமர வேண்டும், அல்லது நான்கு ஷில்லிங் கட்ட வேண்டும். நீர் பற்றிய பேச்சே அங்கு இல்லை. நீங்கள் பார்த்த லெம்ஸ்டர் நாற்காலியின் கதையும் இதையே காட்டுகிறது. 1809-இல் ஜென்னி பைப்ஸ் என்று அழைக்கப்பட்ட பெண்ணை அதில் உட்கார வைத்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்று, கென்வாட்டர் பாலத்தருகே நீரில் முக்கினார்கள். 1817-இல் சாரா லீக் என்பவளையும் அப்படியே ஊரைச் சுற்றி இழுத்துவந்தார்கள். ஆற்றில் போதிய நீர் இல்லாததால் முக்க முடியவில்லை. அவள் உடல் நனையவில்லை. ஆனாலும் வாசல்தோறும் நின்றவர்கள் பார்க்க, அந்த நாற்காலியில் அவள் ஊர் முழுக்கப் போய்விட்டு வந்திருந்தாள். கூடி நின்று பார்ப்பவர்கள் இல்லாமல் அந்தத் தண்டனையே இல்லை என்பதால்தான், உங்கள் குழுவினரின் சிரிப்பு உங்களை உறுத்தியது நியாயம் என்கிறேன்.

இது லெம்ஸ்டரோடு முடியவும் இல்லை. 1829-இல் வாஷிங்டனில் ஆன் ராயல் என்ற எழுத்தாளர், தன் வீட்டருகே கூடிய மதக்குழுவினரோடு மோதியதற்காக இதே குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டார். முக்குவது வழக்கொழிந்தது என்று கருதிய நீதிமன்றம் பத்து டாலர் அபராதத்தோடு விட்டது. இங்கிலாந்தில் அந்தக் குற்றமே 1967-இல்தான் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

அன்புடன்,
எஸ்.