நொச்சி இலையும் வீக்கமும்: கேட்டவையும் சொன்னவையும்

நொச்சி இலையிலிருந்து வீக்கம் குறைக்கும் பொருளைப் பிரிப்பது பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை.

உப்புவெளித் தம்பி: மார்கழி மழைக்கு இலை காயவே மாட்டேன் என்கிறது. வெயில் எறிக்கும்போது வெளியில் போடட்டுமா?

வேண்டாம் தம்பி. நிழலில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறியைப் போடுங்கள், அல்லது 40 பாகை உலர்த்தியில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த இலையை எறிந்துவிடுங்கள், ஏனென்றால் பூஞ்சணமும் தன் பங்குக்குப் பொருள்களை உண்டாக்கும், அப்புறம் நீங்கள் பிரித்தது யாருடைய சரக்கு என்று உங்களுக்கே தெரியாது.

கிண்ணியாத் தங்கச்சி: இலையை மெதனோலில் ஊறவைத்து எடுத்த சாறு கடும்பச்சை. பொருள்களைப் பிரிக்கும் கொலத்தில் (நிரற்குழாயில்) ஊற்றினால் எல்லாப் போத்தலும் பச்சையாகவே இறங்குகிறது.

அது பச்சையம். சாற்றில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பிரிபுனலில் ஹெக்சேன் என்ற கரைப்பானோடு குலுக்குங்கள். பச்சையும் மெழுகும் பெரும்பாலும் மேல்படைக்குப் போய்விடும். பிறகு மெதனோலை ஆவியாக்கி, தண்ணீர் சேர்த்து, எதைல் அசற்றேற்று என்ற இன்னொரு கரைப்பானால் எடுங்கள். நொச்சியின் காஸ்டிசின் போன்ற ஃபிளவனொயிட்டு என்ற தாவரப் பொருள்களை முதலில் அங்கே தேடலாம், ஆனால் ஹெக்சேனையும் கொட்டிவிடாதீர்கள். குலுக்கும்போது இடையிடையே குழாயைத் திறந்து ஆவியை விடுங்கள். நான் ஒருநாள் மறந்து, மூடி பறந்து, ஆய்வுகூடக் கூரையில் அந்தப் பச்சைப் பொட்டு கனகாலம் இருந்தது.

கோணேசபுரி சித்த மருத்துவ மாணவி: முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கும் சோதனையில் வீக்கம் குறைக்கும் மருந்தான டைக்ளோஃபெனாக் அளவுக்கு வந்தது. போதும்தானே?

போதாது. புரதம் திரளாமல் இருப்பதும் வீக்கம் அடங்குவதும் ஒன்றல்ல. மலிவான முதற்சோதனை, அவ்வளவுதான். அடுத்த படி மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள்: ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஆர்ஏடபிள்யூ 264.7 என்ற எலிக் கலங்களை எல்பிஎஸ் என்ற பற்றீரியாச் சுவர்ப் பொருளைக் கொடுத்துக் கிளறிவிட்டு, அழற்சியின் அடையாளமாக அவை வெளிவிடும் நைத்திரைற்றைக் கிரீஸ் கரைசலால் அளப்பார்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும், 540 நானோமீற்றரில் வாசிப்பார்கள். சாறு போட்டதும் சிவப்பு மங்கினால் உடனே துள்ளாதீர்கள். கலங்கள் செத்தாலும் அப்படித்தான் மங்கும்! அதே செறிவில், உயிருள்ள கலங்களை நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனை செய்து, கலங்கள் உயிரோடு இருக்கின்றன என்று காட்டாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

அதே மாணவி: எலிச் சோதனை?

வீக்கம் உண்டாக்கும் கராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளை ஊசியால் ஏற்றிப் பாத வீக்கம் அளப்பது. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் கூண்டையே திறக்க வேண்டாம்.

மூதூர் அம்மா: முழங்காலுக்கு நொச்சி இலை வதக்கி ஒத்தணம் கொடுக்கிறேன். வீண்வேலையா மகன்?

இல்லையம்மா, கொடுங்கள், சூடே பாதி ஆறுதல் தரும். வைத்தியர் தந்த குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். கம்பஸிலிருந்து பேரப்பிள்ளை பச்சைச் சாறு ஏதும் போத்தலில் கொண்டுவந்தால் தொடவே வேண்டாம், மெதனோல் கண்ணையே பறித்துவிடும்.